பட்டா இல்லாத துயரம்

விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய். அதை வெட்டி அகற்ற 500 ரூபாய். 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைப் புரட்டிப் போட்டபோது தமிழ்நாடு அரசு அறிவித்த இழப்பீடு இது. போதாது என்றார்கள் விவசாயிகள், நியாயம்தான். ஆனால் அந்தத் தோப்பில் மரம் ஏறியவருக்கும், தேங்காய் உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. மரமும் நிலமும் அவர்கள் பெயரில் இல்லை. புதிதாக வைத்த பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

காலநிலை மாற்றம் மனத்தையும் சிதைக்கிறது என்பதை ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவே 2022 அறிக்கையில் சொல்லிவிட்டது. அரசுகள் என்ன செய்கின்றன? 2021இல் உலக சுகாதார நிறுவனம் 95 நாடுகளிடம் விசாரித்தது. காலநிலைக்கான தங்கள் சுகாதாரத் திட்டத்தில் மனநலத்தைச் சேர்த்திருந்தவை 9 நாடுகள் மட்டுமே.

இந்தியாவில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. பேரிடர்க் கால மனநலச் சேவைக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2017இல் மனநலச் சட்டம் வந்தது. 2022 முதல் 14416 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இவை தேவைதான். ஆனால் இவை துயரத்தைத் தனிமனிதரின் நோயாக மட்டுமே பார்க்கின்றன. அந்தத் துயரம் எந்தத் தெருவில் தேங்குகிறது என்று கேட்பதில்லை.

ஊர் மேட்டில் இருக்கிறது. சேரி பள்ளத்தில் இருக்கிறது. வெள்ளம் இயற்கை என்றால், இந்த மேடு பள்ளமும் இயற்கையா? 2004 சுனாமி காலநிலையால் வந்ததல்ல. ஆனாலும் பேரிடரில் சாதி எப்படி வேலை செய்யும் என்பதை அது காட்டியது. நாகப்பட்டினத்தில் பிணங்களை அள்ள வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். இந்தக் காயத்தை எந்த ஆலோசகர் ஆற்றுவார்?

சில நேரம் அரசின் நடவடிக்கையே காயமாகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பாதுகாப்பு என்று சொல்லி, அடையாறு, கூவம் கரையோர மக்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழகிய அக்கம்பக்கமும் நகரத்திலேயே தங்கிவிட்டன. பெரும்பாக்கம் இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. மழை வந்தால் அங்கும் தண்ணீர்!

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் சாகாமல், நாளைக்கும் அதே வெயிலில் களையெடுக்கப் போக வேண்டியவரின் அச்சத்துக்கு எந்த அரசாணை?

நிலமற்ற கூலிகளின் வேலையிழப்பும் பேரிடர் இழப்பாகக் கணக்கிடப்பட வேண்டும். பாதிப்பு சாதிவாரியாகப் பதிவாக வேண்டும். மனநலப் பணியாளர்கள் ஒரு வாரம் முகாமிட்டுத் திரும்பாமல், ஓராண்டாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து சேரிக்குள் வர வேண்டும். மக்களின் சம்மதமின்றி யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

தோழர்களே, அடுத்த புயலுக்குப் பிறகு உங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க அதிகாரி வருவார். அவர் எந்தத் தெருவோடு திரும்பிப் போகிறார் என்று பாருங்கள். அங்கிருந்து கேள்வியைத் தொடங்குங்கள்.