கற்ற வித்தையைக் கைவிட்டோம்

சுகாதாரக் கல்வி எங்கள் தொழில். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், பயிற்சியாளர், பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிற மருத்துவர் என்று பதவிகள் பல. வேலை ஒன்றுதான்: உடல்நலத்தைப் பற்றி மக்களிடம் பேசுவது, அவர்கள் தாங்களாகவே நல்ல முடிவெடுக்கத் துணை நிற்பது. இதற்காகவே பயிற்சி பெற்றோம், சம்பளமும் வாங்கினோம். ஆனால் பாலியல் நலம், இனப்பெருக்க நலம் என்று வந்தபோதெல்லாம் கற்ற வித்தையை ஓரமாக வைத்துவிட்டு, ஒப்புக்கு ஏதோ செய்துவிட்டுத் திரும்பினோம். அறியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க எங்களுக்கு வழியில்லை. தெரிந்தே கைவிட்டோம்.

என்ன தெரிந்திருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு நடந்தது. நலமேம்பாட்டுக்கு ஐந்து வேலைகள் வேண்டும் என்று அங்கே வெளியான சாசனம் வகுத்தது. நல்ல கொள்கை, ஆதரவான சூழல், ஊராரின் கூட்டு முயற்சி, தனிமனிதத் திறன், மக்களை நோக்கித் திரும்பிய மருத்துவ சேவை. பயிற்சிக் கூடங்களில் இதை மனப்பாடம் செய்தோம். பேசுவதற்கு முன் கேள். ஊரில் யார் சொன்னால் காது கொடுப்பார்கள் என்று பார். சொன்னதை அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வை. ஏதாவது மாறியதா என்று மறுபடியும் போய்ப் பார். எங்கள் தொழிலின் அரிச்சுவடி இவ்வளவுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் அருகே ஆத்தூர் வட்டாரத்தில் 1959இல் தொடங்கிய காந்திகிராம சுகாதாரத் திட்டம், ஊரில் மதிப்புள்ளவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குடும்பக் கட்டுப்பாட்டை வீட்டுத் திண்ணைவரை கொண்டுபோனது. பத்தே ஆண்டுகளில் அங்கே பிறப்பு விகிதம் கண்கூடாகக் குறைந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1994இல் நாட்டிலேயே முதலாவதாக மாநில அளவில் ஓர் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இங்கே அமைந்தது. 2000களின் தொடக்கத்தில் புள்ளிராஜா என்ற கற்பனை மனிதனுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊர்ச்சுவர்கள் கேட்டன. டீக்கடையில் ஆண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். வாயைத் திறக்கவே கூசிய ஒன்றைப் பொதுப்பேச்சாக்கும் திறன் இந்த மண்ணில் இருந்தது.

உயிர்ப்பயம் இருந்தபோது பேசினோம். பயம் தணிந்ததும் பேச்சும் நின்றது. நோயைத் தடுப்பதற்காகப் பேசிய நாங்கள், தன் உடலை ஒரு பிள்ளை புரிந்துகொள்வதற்காகப் பேசவில்லை.

பள்ளிக்கு நாங்கள் போகிற ஒரு நாளைப் பாருங்கள். தலைமையாசிரியர் அறையில் தேநீர். பிறகு எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவிகள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கதவு சாத்தப்படும். உதிரப்போக்கு நாட்களில் சுத்தமாக இருக்க வேண்டும், கீரை சாப்பிட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் நாங்களே பேசுவோம். "சந்தேகம் இருந்தா கேளுங்கம்மா" என்போம். அறை அமைதியாக இருக்கும். அந்த அமைதியை, அவர்கள் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, புகைப்படம் எடுத்துக் கிளம்புவோம். அறிக்கையில் கலந்துகொண்டோர் எண்ணிக்கை இருக்கும். அவர்கள் தெரிந்துகொண்டது என்ன என்று எழுத அதில் இடமே இல்லை. இருக்க வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை.

அதே அறையில் பேர் எழுதாத துண்டுச்சீட்டும் ஓர் அட்டைப்பெட்டியும் வைத்த இடங்களில் நடந்ததே வேறு. எட்டாக மடித்த சீட்டுகள் வந்து விழும். "முதல் நாள் தலைக்குக் குளித்தால் ரத்தம் கட்டிக்கொள்ளுமா?" "எனக்கு இரண்டு மாதம் வரவில்லை, குழந்தை பிறக்காதா?" "ஒரு பக்க மார்பு சின்னதாக இருக்கிறது, இது வியாதியா?" "முத்தம் கொடுத்தால் கர்ப்பம் ஆகுமா?" ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் பதில் உண்டு. குளிப்பதால் எதுவும் ஆகாது. பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிலக்கு முறைதவறி வருவது இயல்பு. மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் காட்டிக்கொள்ளலாம். இரண்டு மார்பும் அச்சில் வார்த்ததுபோல் இருப்பதில்லை. முத்தத்தால் கரு உண்டாகாது. இந்த இரண்டு வரி கிடைக்காததால் அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பயத்தைச் சுமக்கிறார்கள். ஒரு பெட்டி வைக்க நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆனாலும் அதை வழக்கமாக்கவில்லை.

நாப்கின் கொடுத்தோம். 2011இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் தமிழ்நாடு அரசு கிராமப்புறத்தின் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு அதை இலவசமாகவே தந்தது. கந்தல் துணியை இருட்டறையில் உலர்த்தி மறுபடி கட்டிய தலைமுறைக்கு அது பெரிய மாற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்ன நாங்கள், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, போடுவதற்கு மூடி வைத்த தொட்டி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சூழலை மாற்றாமல் பழக்கத்தை மட்டும் மாற்றச் சொன்னோம். ஒட்டாவா சாசனம் சொன்ன இரண்டாவது வேலையையே கைவிட்டோம்.

மைதானத்துக்கு அனுப்பிய பையன்கள் விஷயத்தில் எங்கள் பொறுப்பின்மை இன்னும் பெரிது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயற்கை, அதனால் உடம்பு உருகாது, சுய இன்பத்தால் ஆண்மை போகாது என்று ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் சொன்ன பெரியவர் யார்? அப்பா சொல்லவில்லை, ஆசிரியர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பேருந்து நிலையச் சுவரொட்டியும் ஊர் ஊராக லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களின் விளம்பரமும் இதற்கு நேர்மாறாகச் சொல்லின. பயத்தை விற்றவர்கள் அவனைத் தேடி வந்தார்கள். தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் டாக்டர் மாத்ருபூதம் "புதிரா புனிதமா" நிகழ்ச்சி நடத்தியபோது வந்த கேள்விகளைப் பார்த்தாவது, பசி எவ்வளவு என்று நாங்கள் உணர்ந்திருக்க வேண்டும். இன்றைய பையனுக்குக் கைப்பேசியில் ஆபாசப்படம் பாடம் நடத்துகிறது. சம்மதம் என்றால் என்ன, மறுப்பை எப்படி மதிப்பது என்று அது கற்பிக்காது. அதைக் கற்பிக்க வேண்டிய நாங்கள் அவனைப் பந்து விளையாட அனுப்பிவிட்டோம்.

இதன் விளைவு வளர்ந்த பிறகும் தொடர்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆணுக்கான அறுவை எளிது, தழும்பும் சிறிது என்பதை எங்கள் துறையில் எல்லோரும் அறிவோம். இருந்தும் பெண்ணிடமே பேசினோம். அவளிடம் பேசுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

"பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 2007 வாக்கில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் நிறுத்தியதையும் எடுத்துக்காட்டுவோம். ஆனால் பெற்றோரைக் கேட்டோமா? மகள் வயதுக்கு வந்ததைப் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வரிசையோடு, படம் போட்ட பேனர் வைத்து ஊருக்கே சொல்கிற சமூகம் இது. உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் பாட்டிக்கும் அத்தைக்கும் அந்தப் பிள்ளையின் நலனில் அக்கறை இல்லையா? அவளைத் தனியே உட்கார வைக்கும் ஒன்பதோ பதினொன்றோ நாளில் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால், எங்களுக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடைத்திருக்காது. பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியைப் பற்றி வாட்ஸப்பில் வதந்தி பரவிப் பெற்றோர் மிரண்டார்கள். முன்கூட்டிப் பேசாத இடத்தில் வதந்திதான் முதலில் பேசும் என்பது அப்போதே தெரிந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுப் பெண்களுக்குத் தரப்போவதாகத் தமிழ்நாட்டின் 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இந்தமுறையும் ஊசியோடு மட்டும் போய் நின்றால் அதே கதைதான்.

எங்கள் மௌனத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? அதே 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டின் 20–24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 13 பேர் அளவில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். 15–19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஆறு பேர் தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள். அவசரக் கருத்தடை மாத்திரை 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடியது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகக் கடை கடையாக ஏறி இறங்கினாலும் அது எளிதில் கிடைத்ததில்லை. மாத்திரை ஏன் இல்லை என்று நாங்கள் குரல் எழுப்பவில்லை. கருக்கலைப்புக்குத் திருமணமாகாத பெண்ணுக்கும் சம உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுற்ற சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தரும்போது மருத்துவர் அவளுடைய பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பைக் கிராமம்வரை கொண்டுபோக எங்களிடம் ஆட்கள் இருந்தார்கள். கொண்டுபோகவில்லை. போலீஸ் வரும் என்ற பயத்தில் பிள்ளையைப் பட்டமில்லாமல் ஊசி போடுகிறவரிடம் கூட்டிப்போன தாய்மார்களுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கே வராதவர்களையும் மறந்தோம். நூற்பாலை விடுதியில் வலியைப் பொறுத்துக்கொண்டு ஷிப்ட் முடிக்கிற பெண், பார்வையில்லாத பையன், மனவளர்ச்சி குன்றிய சிறுமி. பாலியல் வன்முறைக்கு எளிதில் ஆளாகிறவர்கள் இவர்கள்தான். எங்கள் விளக்கப்படத்தில் இவர்களில் ஒருவர்கூட இல்லை.

2014இல் வந்த தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் பாலியல், இனப்பெருக்க நலத்தைத் தன் ஆறு நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2020இல் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் திட்டமும் வந்தது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடமும், பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இனப்பெருக்க நலன் என்ற அத்தியாயமும் இருக்கின்றன. கொள்கையும் பாடநூலும் இருக்கும்போது குறை எங்களிடம்தான்.

ஆகவே சக ஊழியர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முதலில் நாம் கூச்சம் விட்டுப் பழக வேண்டும். உடலுறுப்புகளின் பெயரைத் தடுமாறாமல் சொல்லும் பயிற்சியை நமக்குள்ளேயே நடத்துவோம். ஒவ்வொரு பள்ளியிலும் பெட்டியை வைத்து, வந்த கேள்விகளிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம். பையன்களுக்கும் வகுப்பு எடுப்போம். வகுப்புக்கு முந்திய வாரம் பெற்றோரைக் கூட்டி, என்ன சொல்லப்போகிறோம் என்று அவர்களிடமே காட்டுவோம். கழிப்பறையை நேரில் பார்த்துவிட்டுப் பேசுவோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போய் என்ன நினைவிருக்கிறது, என்ன மாறியது என்று கேட்டு அதையே அறிக்கையில் எழுதுவோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு நாங்கள் வரும்போது எங்களைக் கேளுங்கள்: பையன்களுக்கு எப்போது வகுப்பு? பிள்ளைகள் கேட்ட கேள்விகள் என்ன? மறுபடி எப்போது வருவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாவிட்டால், நாங்கள் எங்கள் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள்.