யாரிடமிருந்து யார் கற்பது?



டாக்டருக்குப் படிக்கிறவர், நர்சுக்குப் படிக்கிறவர், பார்மசி, பிசியோதெரபி, லேப் படிக்கிறவர் எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது புதுப் பேச்சு அல்ல. 1988இலேயே அறிக்கை போட்டது. 2010இல் செயல்திட்டமும் வகுத்துத் தந்தது. வெவ்வேறு தொழில்களுக்குப் படிக்கிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பதுதான் கூட்டுக் கல்வி என்று அதற்கு விளக்கமும் சொன்னது.

இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் எனக்கு முக்கியம். ‘பற்றி’ கற்பது சுலபம். நம்மைப் பற்றி ஆராய்ச்சி பண்ணாத சாதி இந்து யாரு? கூட உட்காருவதைக்கூடச் சட்டம் போட்டு நடத்திவிடலாம். ஆனால் கீழே வைக்கப்பட்டவரிடமிருந்து மேலே இருக்கிறவர் கற்றுக்கொள்வது? அங்கேதான் இந்தச் சமூகத்துக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஸ்வீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகம் 1986இல் இதைத் தொடங்கியது. மருத்துவம், செவிலியம் உட்படப் பல துறை மாணவர்களுக்கும் முதல் பத்து வாரம் ஒரே பாடம். 1996இல் எலும்புச் சிகிச்சை வார்டு ஒன்றையே ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் குழுவிடம் விட்டார்கள்.

இதெல்லாம் எதுக்கு, தரம் கெட்டுப் போகாதா என்று கேட்பார்கள். தரம், தகுதி என்பதெல்லாம் நமக்குப் பழகிய பாட்டுதானே. இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் போவோம். அங்கே குழந்தைகளுக்கு இருதய அறுவை செய்தவர்களின் பட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் 1991 முதல் 1995 வரை, சாதாரணமாக எதிர்பார்ப்பதைவிட 30 முதல் 35 பச்சைக் குழந்தைகள் கூடுதலாகச் செத்தன. மயக்க மருந்து டாக்டர் ஸ்டீபன் போல்சின் 1990 முதலே எச்சரித்தார். எடுபடவில்லை. 2001இல் இயன் கென்னடி விசாரணை அறிக்கை, குழுவாக வேலை செய்யாததையும் மேலிருப்பவரைக் கேள்வி கேட்க முடியாத சூழலையும் போட்டு உடைத்தது. வெவ்வேறு தொழிலினர் சேர்ந்து கற்க வேண்டும் என்றும் சொன்னது.

அங்கே ஒரு டாக்டர் சொன்னதே எடுபடவில்லை. இங்கே ஒரு ஆயாம்மா சொன்னால்?

நான் பேங்க் குமாஸ்தா. எங்கள் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று கேஷியரிடம். மேனேஜரே வந்து நின்றாலும் ஒற்றைச் சாவிக்குத் திறக்காது. தனி ஆள் தவறுவான் என்று தெரிந்துதான் இந்த ஏற்பாடு. பணத்துக்கு இருக்கிற இந்தப் புத்தி உயிருக்கு வேண்டாமா?

சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாக அடுக்குகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அந்த விளக்கத்துக்கு நம் ஆஸ்பத்திரியைவிடச் சாட்சி வேண்டாம். ரத்தம், மலம், பிரசவம் எல்லாம் தீட்டு. அதனால் பிள்ளைப்பேறு பார்த்ததும் தொப்புள்கொடி அறுத்ததும் நாவிதர் வீட்டுப் பெண்களும் சேரிப் பெண்களும். கையில் அறிவு இருந்தது, பேருக்குப் பின்னால் பட்டம் இல்லை. இன்றும் மருத்துவத்துக்கு 2019, துணைத் தொழில்களுக்கு 2021, செவிலியருக்கு 2023 என்று தனித்தனிச் சட்டம், தனித்தனி ஆணையம். பெருக்கித் துடைக்கிறவர் இந்தக் கணக்கு எதிலும் வரமாட்டார். சட்டம் கிடக்கட்டும், ஒரே வகுப்புக்குள்ளேயே என்ன நிலைமை? எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை 2007இல் தோரட் குழு எழுதி வைத்தது. சக மாணவரோடு சேராதவர் நர்சோடு எப்படிச் சேருவார்?

ஆகவே பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் மட்டும் போதாது. நர்சிங் ஆசிரியை மருத்துவ மாணவருக்கு மார்க் போட வேண்டும். வார்டில் ஒரு வாரம் ஆயாம்மாவின் கீழ் நின்று நோயாளியைத் தூக்கவும் திருப்பவும் பழக வேண்டும். மருத்துவக் கழிவுப் பாடத்தைத் துப்புரவுத் தொழிலாளி நடத்த வேண்டும், அதற்குச் சம்பளமும் தர வேண்டும். வெள்ளை டப்பாவில் போட வேண்டிய ஊசியைச் சிவப்புப் பையில் எறிந்தால் குத்துவது யார் கையில்? அந்தப் பாடத்துக்கு அந்தக் கையைவிடத் தகுதி எந்தக் கைக்கு உண்டு? கழிவைக் கையாளுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சியும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் தர வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு விதிகள். அவர்களைப் பயிற்சி பெறுகிறவர்களாக மட்டுமே அந்த விதிகள் பார்க்கின்றன. பயிற்சி தருகிறவர்களாகவும் ஆக்கு என்கிறோம் நாம். பேரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றினால் போதுமா? இடத்தை மாற்று.

மருத்துவம், நர்சிங், பார்மசி, லேப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கூட்டுக் கல்வி வகுப்பு என்று நாளைக்கு உங்கள் கல்லூரியில் அறிவிப்பு ஒட்டினால் சந்தோஷமாகப் போங்கள். போய் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: இங்கே யாரிடமிருந்து யார் கற்கப் போகிறோம்?