உலகம் களைந்த பிழையைத் தமிழன் சுமப்பதோ?

தமிழில் அறிவியல் எழுதலாம். ஆனால் அறிவியற் சொற்களைத் தமிழாக்குதல் கூடாது என்று கூறும் கூட்டம் ஒன்று நம்மிடையே உண்டு. "உலகம் வழங்கும் பெயரை அப்படியே நம் எழுத்தில் எழுதினாற் போதாதா? புதுச்சொல் எதற்கு?" என்று அவர்கள் எள்ளுகின்றனர். அவர்தம் கூற்று எத்துணைப் பொய்யானது என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிரினத்தின் பெயர் வரலாறே காட்டிவிடும்.

உட்கரு இல்லா நுண்ணுயிரிகள் அனைத்தையும் பாக்டீரியா என்னும் ஒரே தொழுவத்தில் அறிஞர்கள் நெடுங்காலம் அடைத்து வைத்திருந்தனர். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இல்லினாய்சுப் பல்கலைக்கழக அறிஞர்களான கார்ல் வோசும் சார்ச்சு பாக்சும், உயிரணுவில் புரதம் ஆக்கும் உறுப்பிலுள்ள ஆர்.என்.ஏ. இழைகளை ஒப்பிட்டு நோக்கினர். சேற்றிலிருந்து எரிவளி எழச் செய்யும் நுண்ணுயிரிகள், ஏனைய பாக்டீரியாக்களோடு நெருங்கிய உறவின்றித் தனித்து நின்றன. அவற்றுக்கு "ஆர்க்கிபாக்டீரியா" என்று பெயரிட்டனர். தொன்மைப் பாக்டீரியா என்பது அதன் பொருள்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1990-இல் அதே வோசு, காண்டலர், வீலிசு ஆகிய இருவரோடும் கூடி, அப்பெயரிலிருந்த "பாக்டீரியா" என்னும் வாலை வெட்டியெறிந்தார். "ஆர்க்கியா" என்பதே பெயராயிற்று. பாக்டீரியா ஒரு பெருங்கிளை. ஆர்க்கியா இன்னொரு பெருங்கிளை. மரஞ்செடியும் விலங்கும் மாந்தனும் அடங்கிய உட்கருவுயிரிகள் மூன்றாம் பெருங்கிளை என வகுத்தனர். பாக்டீரியாவின் சுவரை ஆக்கும் மியூரீன் என்னும் பொருள் ஆர்க்கியாவில் இல்லை. உயிரணுவைப் போர்த்த கொழுப்புப் படலத்தின் பிணைப்பே வேறு. மரபுச் செய்தியைப் படியெடுக்கும் கருவியோ, பாக்டீரியாவினதைவிட நம் உயிரணுவினதையே மிகுதியும் ஒத்திருக்கின்றது. இத்துணை வேறுபாடு உடையதைப் பாக்டீரியா என்பது பிழையென்று கண்டதும், பெயரிட்டவரே அதைத் திருத்தினார். அஃதன்றோ அறிவு நேர்மை!

நம் நிலை என்ன? தமிழில் எழுதுவோர் சிலர் இன்றும் "ஆர்க்கிபாக்டீரியா" என்றே எழுதிவருகின்றனர். எழுதுவோர்க்கும் அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை; படிப்போர்க்கும் விளங்கவில்லை. பொருள் விளங்கினாலன்றோ பிழை புலப்படும்! உலகம் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே களைந்த பிழையைத் தமிழன் தலையில் சுமக்க வைத்தது எது? எழுத்துப்பெயர்ப்பு என்னும் சோம்பலே.

நம்மவர் பிழையையும் மறைக்க மாட்டோம். "தொல்லுயிரி" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தார் சிலர். பாறையில் உறைந்த எச்சங்களை ஆயும் துறைக்கன்றோ தொல்லுயிரியல் என்று முன்னரே பெயரிட்டுள்ளோம்? இவையோ இன்றும் மாட்டின் வயிற்றிலும் நெல்வயற் சேற்றிலும் எரிவளி ஆக்கிக்கொண்டிருப்பவை. பாக்டீரியாவினும் இவை மூத்தவை என்பதும் நிலைநாட்டப்பட்ட உண்மையன்று.

"கொடுஞ்சூழல் உயிரி" என்றனர் வேறு சிலர். அதற்குக் கரணியம் உண்டு. அமெரிக்காவின் எல்லோசுட்டோன் வெந்நீரூற்றுகளில், கொதிக்கும் காடிநீரில் வாழும் சல்போலோபசை 1972-இல் தாமசு பிராக்கும் அவர்தம் குழுவினரும் விளக்கினர். இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள வெந்நீர்வாயிலில் கிடைத்த மெத்தனோபைரசு வகையொன்று, மிகுந்த அழுத்தத்தில் 122 பாகை செல்சியசு வெப்பத்திலும் பெருகுவதை 2008-இல் சப்பானியர் கண்டனர். நம் உப்பளங்களில் முதிர்ந்த நீர் செந்நிறங்கொள்வதற்கும் இவ்வினத்து உவர்வாழிகள் ஒரு கரணியம்.

ஆயினும் வாழிடம் வேறு, வகைப்பாடு வேறு. அதே எல்லோசுட்டோன் ஊற்றில் பிராக்கு கண்டெடுத்த தெர்மசு அக்குவாட்டிக்கசு ஒரு பாக்டீரியா. மறுபுறம், குளிர்ந்த பொதுக் கடல்நீரிலும் ஆர்க்கியா நிறைந்திருத்தலை 1992-இல் உலகம் அறிந்தது. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன்காட்சித் தொட்டியொன்றிலிருந்தே அம்மோனியாவை உண்டு வாழும் வகையொன்றைப் பிரித்தெடுத்தனர். வெந்நீரில் வாழ்வதெல்லாம் ஆர்க்கியாவும் அன்று. ஆர்க்கியா எல்லாம் வெந்நீரில் வாழ்வதும் அன்று.

இனி, எள்ளுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். 2015-இல் கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையேயுள்ள கடலடிச் சேற்றில் புதிய ஆர்க்கியாக் குழு ஒன்றின் மரபுச் சுவடுகளை ஐரோப்பிய அறிஞர் கண்டனர். அதற்கு உலோகி என்று வடவைரோப்பியப் பழங்கதைக் கடவுளின் பெயரை இட்டனர். பின்னர்க் கண்ட உறவுக் குழுக்களுக்குத் தோர், ஓடின், எயிம்டால் என்றும், அனைத்துக்கும் பொதுவாக அசுகார்டு என்றும் பெயர் வைத்தனர். தம் முன்னோர் சொல்லை எடுத்தாள அவர்கள் நாணவில்லை. தமிழன் மட்டும் தன் சொல்லை எடுத்தாள ஏன் கூச வேண்டும்?

யாம் முன்வைக்கும் சொல் "தனிநுண்ணி". பாக்டீரியாவினின்று தனித்து நிற்கும் நுண்ணுயிரி என்பது பொருள். அதனுள் உப்பில் வாழ்வது உவர்வாழி. கொதிநீரில் வாழ்வது வெப்பவாழி. புளித்த நீரில் வாழ்வது காடிவாழி. சேற்றில் வளி ஆக்குவது எரிவளியாக்கி. இவை வாழ்முறைப் பெயர்களே. கிளைப் பெயர்கள் அல்ல என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.

அசுகார்டுக் குழுவின் முன்னோரிடமிருந்தே உட்கருவுயிரிகள் கிளைத்தன என்று இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் மூன்று பெருங்கிளைகள் இரண்டாகக் குறையலாம்; நம் சொல்லையும் மாற்ற நேரலாம். மாற்றுவோம்! பொருள் விளங்கும் சொல்லையே திருத்த முடியும்; விளங்காத ஒலியைச் சுமக்கத்தான் முடியும். தமிழன்பர்களே, நம் பிள்ளைகளைச் சுமப்போராக அன்று, திருத்துவோராக ஆக்குங்கள்!