ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதுமா?



என் அம்மா போடியில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறார். மூட்டையில் உள்ள ஒவ்வொரு காயும் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். ஆனால் ஏலத்தில் வியாபாரி பார்ப்பதோ கைப்பிடி சாம்பிள்தான். அதை வைத்தே முழு லாட்டுக்கும் விலை சொல்லிவிடுகிறார். இரண்டில் எது சரி?

லேசர் மைக்ராஸ்கோப்பிலும் இதே கேள்விதான். அது கேமரா மாதிரி ஒரே நொடியில் படம் பிடிப்பதில்லை. லேசர் புள்ளி வரிவரியாக நகர்ந்து ஒவ்வொரு இடமாக அளக்கிறது. அம்மா காய் பொறுக்குவது போலத்தான்! 512 x 512 என்றால் 2,62,144 புள்ளிகள். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த ஒளிச்சிதறலை வைத்துப் படம் எடுத்தால், வரும் ஒளியோ மிக மங்கல். புள்ளிக்கு ஒரு விநாடி என்றாலே மூன்று நாள் ஆகும். அதற்குள் இலைத் துண்டு வாடிப் போகாதா?

2006-ல் கான்டெஸ், ராம்பெர்க், டாவோ ஆகியோரும் டோனஹோவும் தங்கள் கட்டுரைகளில் ஒரு வழி காட்டினார்கள். எல்லாவற்றையும் அளக்காதே. குலுக்கல் முறையில் அங்கங்கே அள. மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பு! ஏனென்றால் பெரும்பாலான படங்களில் புதுச் செய்தி கொஞ்சம்தான். கால்வாசிப் புள்ளிகள் போதுமென்றால் மூன்று நாள் வேலை சுமார் 18 மணி நேரத்தில் முடியும். 2020 கொரோனா காலத்தில் பலருடைய மாதிரிகளைக் கலந்து சோதிக்க மும்பை ஐ.ஐ.டி.யினர் உருவாக்கிய 'டேபஸ்ட்ரி' முறைக்கும் இதே கணக்குதான் அடிப்படை. நோயாளிகள் சிலரே என்றால்தான் அது பலிக்கும்.

ஆம், இது மந்திரமல்ல. படம் முழுக்கப் புது விவரம் இருந்தால் கணக்கு ஏமாற்றிவிடும். மூட்டையின் வாயில் மட்டும் சாம்பிள் எடுத்தால் அடியில் கிடக்கும் பூச்சிக் காய் தெரியுமா?

"மெஷின் ஓட்டத் தெரிஞ்சா போதாதா, கணக்கு எதுக்குடா?" என்று கேட்கும் நண்பர்களே! கணக்கில் அரியர் வைத்த நானே சொல்கிறேன். விலை உயர்ந்த மெஷினை நம் லேப் வாங்க முடியாது. ஆனால் கணக்குக்கு விலை இல்லை. செல்போனில் ஓர் ஏல இலையைப் படம் எடுத்து, முக்கால்வாசிப் புள்ளிகளை அழித்து, இலவச சாஃப்ட்வேரில் மீட்டுப் பார்ப்போம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இது ஆகாதா?

இதை அம்மாவிடம் சொன்னேன். "முழுசா பாக்காம எப்படிப்பா சொல்லுவீங்க?" என்றார்.

"மீதிக்குக் கணக்குப் போடுவோம்மா."

"கணக்கு தப்பாயிட்டா?"

அதற்காகத்தான் நண்பர்களே, கணக்கை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்கிறேன்!