பரளிக்காட்டுக்குத் தூண்டில் வேண்டாமுங்க

பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாகப் போனால் பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காடு வந்துவிடும். வனத்துறை நடத்தும் ஒருநாள் சுற்றுலா அது. முன்பதிவு செய்துகொண்டுதான் போகவேண்டும். அணைத்தண்ணீரில் பரிசல், மலைவாழ் பெண்கள் சமைத்த மதியச் சாப்பாடு, பிறகு காட்டுக்குள் கொஞ்சம் நடை, அத்திக்கடவில் பவானி ஆற்றுக் குளியல். அந்தக் களி உருண்டையைப் பற்றித் தனிப்பதிவே போடலாம்.

காலையில் என்னோடு நடக்கும் நண்பர்களுக்கு இதில் ஒரு குறை. "இத்தனை தண்ணி கிடக்குது, காசு கட்டுனா மீன் பிடிக்க உட்டா என்னங்க?" என்கிறார்கள். விடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

பவானி காவிரியின் கிளையாறு. இந்தக் காவிரி வட்டாரத்துக்கே உரிய மீன் ஒன்று உண்டு, திமில் உள்ள மஹசீர் கெண்டை. இன்னொரு கிளையாறான கபினியில் 1946-இல் வான் இங்கன் என்ற மைசூர்க்காரர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! ஒரு ஆள் எடை. அப்பேர்ப்பட்ட மீனை 2018-இல், அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அணைகள், மணல் அள்ளுவது, வெடி போட்டுப் பிடிப்பது, வெளியில் இருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹசீர் என்று காரணம் பல.

எதிர்வாதமும் இருக்கிறது. கர்நாடகத்தில் காவிரிக்கரையில் மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடும் முகாம்கள் இருந்தன. காவலுக்கு ஆள் இருந்ததால் வெடிக்காரன் அண்டவில்லை என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அங்கே வந்தவர்கள் பிடித்ததைத் திருப்பி விட்டார்கள். நம்மாட்கள் மசாலாப் பொடியோடு அல்லவா கிளம்புவார்கள்?

காவலுக்குப் பரளிக்காட்டில் வேறு வழி இருக்கிறது. பரிசல் தள்ளுவதும் சமைப்பதும் அந்த ஊர் மக்களே. ஆறு நன்றாக இருந்தால்தான் அவர்களுக்கு வருமானம். அதைவிடக் கண்ணும் கருத்துமான காவல்காரன் எங்கே கிடைப்பான்?

நான் சிறுவனாக இருந்தபோது குருடிமலையில் மழை பெய்தால் பள்ளத்தில் துண்டை விரித்து அயிரை பிடிப்போம். இன்று அந்தக் கௌசிகா நதி வருஷத்தில் பாதிநாள் வெறும் மணல்.

பேரனுக்குத் தூண்டில் ஆசை என்றால், குளத்தைக் குத்தகை எடுத்து மீன் வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். காசு கொடுத்தால் கட்லாவோ ஜிலேபியோ பிடிக்க விடுவார்கள். மசாலாப் பொடியையும் அங்கே எடுத்துப் போகலாம்.