கலந்தால் கெடாது, காய்ந்தால் கெடும்!



மளிகைக் கடைக்காரர்கள் படிக்கும் இதழில் கார் எஞ்சின் ஆயிலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பொழுது விடியும் முன் தேங்காய்த்திட்டிலிருந்து புறப்பட்டு, பெரிய மார்க்கெட்டுக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுகிற கார், நம்மில் பலருக்குக் குடும்ப வண்டியும் அதுதான், சரக்கு வண்டியும் அதுதான். அது ஒரு வாரம் ஒர்க்ஷாப்பில் நின்றால் கல்லாப்பெட்டி காற்று வாங்கும். ஆகவே இது நமது பிழைப்பைப் பற்றிய பேச்சுதான்.

நமது உறுப்பினர் ஒருவர் அண்மையில் திண்டிவனத்திலிருந்து சரக்கோடு திரும்பும்போது வண்டியில் ஆயில் விளக்கு எரிந்தது. வழியில் இருந்த பங்கில் ஆயில் இருந்தது. ஆனால் அவர் வழக்கமாக ஊற்றும் கம்பெனி ஆயில் அங்கே இல்லை. "இரண்டு கம்பெனி சிந்தெடிக் ஆயிலைக் கலந்தால் தயிர்போல் திரிந்துவிடும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும்" என்று யாரோ எப்போதோ சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ஒன்றும் ஊற்றாமலே ஓட்டி வந்துவிட்டார். ஊர் எல்லைக்கு வரும்போது எஞ்சின் தட்டத் தொடங்கியது. பேரிங் தேய்ந்து, வேலை கிராங்க் வரை போயிற்று. அரை லிட்டர் ஆயிலைக் கலக்கப் பயந்தவர், ஒரு தீபாவளி வியாபாரத்தின் லாபத்தை ஒர்க்ஷாப்பில் வைத்துவிட்டு வந்தார்.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா? இல்லை என்பதே நமது கருத்து. எஞ்சின் ஆயிலுக்குத் தரம் வகுத்து முத்திரை வழங்கும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம், அதாவது ஏ.பி.ஐ., உரிமம் கேட்டு வரும் ஆயில் மற்ற ஆயில்களோடு கலக்க வேண்டும் என்பதையே ஒரு நிபந்தனையாக வைத்துள்ளது. கலந்து, குளிர்வித்து, சூடாக்கிப் பார்த்தாலும் அவை பிரியக் கூடாது. அதற்கென்று தனிச் சோதனையே உண்டு. மேலும், செமி சிந்தெடிக் என்று கம்பெனிகளே விற்பது மினரலும் சிந்தெடிக்கும் கலந்த சரக்குதானே! கலந்ததும் திரிந்துவிடும் என்றால் அந்த டப்பா கடைக்கு எப்படி வரும்?

அப்படியானால் சிலர் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் அந்தத் "தயிர்" எது? ஆயில் பால் கலந்த காபிபோல் மாறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று பொருள். கறுத்துக் களிபோல் ஆனால் காலத்தில் ஆயில் மாற்றவில்லை என்று பொருள். பழி மட்டும் கடைசியாக ஊற்றிய அடுத்த கம்பெனி டப்பாவின் மேல் விழுகிறது.

"அப்படியா, இனி எது மலிவோ அதை வாங்கி ஊற்றிக்கொள்ளலாம்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நமது தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். இரண்டு கம்பெனி சாம்பார்ப் பொடியைக் கலந்து குழம்பு வைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் குழம்பில் முதல் கம்பெனியின் ருசியும் இராது, இரண்டாவது கம்பெனியின் ருசியும் இராது. எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். அடிப்படை எண்ணெயோடு அழுக்கைக் கழுவும் மருந்து, அழுக்கைப் படியவிடாமல் மிதக்க வைக்கும் மருந்து, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் எனப் பலவற்றை அளவோடு சேர்த்துச் செய்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கைப்பக்குவம். தங்கள் கலவையை அவர்கள் எஞ்சினில் ஓட்டிப் பார்த்துத்தான் முத்திரை வாங்குகிறார்கள். நாம் வழியில் கலந்த கலவையை எவரும் ஓட்டிப் பார்த்ததில்லை. ஆபத்துக்கு அது உதவும். அதையே பழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கம்பெனிப் பெயரைவிட முக்கியம், டப்பாவின் மேல் உள்ள எண்ணும் எழுத்தும். 5டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மை. இரண்டாவது எண் எஞ்சின் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. 5டபிள்யூ-30 உள்ள எஞ்சினில் 10டபிள்யூ-40 சிறிது சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைக்கும், நாசம் ஆகாது. ஆனால் 0டபிள்யூ-20 கேட்கும் புதிய பெட்ரோல் கார்களில் கெட்டி ஆயிலை நிரப்பினால் மைலேஜ் குறையும். ஏ.பி.ஐ. எழுத்தையும் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்கு எஸ் வரிசை, 2020-இல் எஸ்.பி. என்ற தரம் வந்தது. டீசலுக்கு சி வரிசை. இரண்டு தரத்தைக் கலந்தால், கலவையைத் தாழ்ந்த தரமாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

"சிந்தெடிக்" என்ற சொல்லை மட்டும் நம்பி விலை கொடுப்பதும் சரியல்ல. 1990-களில் அமெரிக்காவில் காஸ்ட்ரால் கம்பெனி, கச்சா எண்ணெயிலிருந்து மிக நுட்பமாகச் சுத்திகரித்த எண்ணெயை சிந்தெடிக் என்று விற்றது. மொபில் கம்பெனி அதை எதிர்த்து விளம்பரத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பிடம் முறையிட்டது. 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பாயிற்று. அதன்பின் அந்த வகை எண்ணெயும் சிந்தெடிக் என்றே பரவலாக விற்கப்படுகிறது. அது மட்டமான சரக்கு என்று நாம் சொல்லவில்லை. பெயர் வேறு, தரம் வேறு என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததா?

உண்மையில் அஞ்ச வேண்டிய கலப்பு வேறு. துறைமுகத்தில் படகு எஞ்சினுக்கு வாங்கியதில் மிச்சம் என்று குறைந்த விலைக்கு ஆயில் கிடைத்தால், அதைக் காரில் ஊற்றாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும். கரிபோல அது எரிந்து போகாது. காருக்கு வாங்கிய ஆயிலைக் கியர் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் நழுவக்கூடும். பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. என்று எழுதிய ஆயிலே தக்கது.

அதைவிடக் கொடியது, வடிகட்டிய பழைய ஆயிலைப் பழைய டப்பாவில் அடைத்து விற்கும் போலிச் சரக்கு. எண்ணெயின் குற்றம் கண்ணுக்குத் தெரியாது. 1998-இல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அன்று நாட்டுக்குக் கிடைத்த பாடம், சீல் வைத்த பாக்கெட்டின் அருமை. எஞ்சின் ஆயிலுக்கும் அதே பாடம் பொருந்தும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கப் பில் இல்லாமல் வாங்கினால், எஞ்சின் கெட்டபின் வாரண்டி கேட்கக் கையில் தாள் இருக்காது. கடையில் ஆயில் டப்பா விற்கும் உறுப்பினர்களும் லூஸ் ஆயிலைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே நாம் சொல்வது இவ்வளவே. மாதம் இரு முறையாவது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள ஆயில் எண்ணை ஒரு சீட்டில் எழுதி பானட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அதே எண்ணில் ஒரு லிட்டர் டப்பா டிக்கியில் இருக்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சிறிது பொறுத்து அளவு பாருங்கள். குறைந்திருந்தால் எந்தக் கம்பெனியானாலும் அதே எண், அதே தரம் பார்த்து ஊற்றுங்கள். ஊற்றிய பிறகும் விளக்கு அணையாவிட்டால் ஓட்டாதீர்கள். இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். கலந்து ஊற்றியிருந்தால் அடுத்த ஆயில் மாற்றத்தைச் சற்று முன்னதாகவே செய்துவிடுங்கள். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். அது கடைசியில் போய்ச் சேருவது நமது கழிமுகத்து அலையாத்திக் காட்டில்தான். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். போலிக்காரன் கையில் அது மீண்டும் புது டப்பா ஆக வேண்டாம்.

கேள்விப்பட்டதை வைத்து நாம் சரக்குக் கொள்முதல் செய்வதில்லை. எடை பார்த்து, தரம் பார்த்துத்தான் வாங்குகிறோம். சோறு போடும் வண்டிக்கும் அந்த நிதானத்தைக் காட்டுவோம்.