மார்கழிப் பூவுக்குப் பங்குனியில் கத்தரி

“டிசம்பரே வந்துவிட்டது, எங்கள் வீட்டு டிசம்பர் செடியில் ஒரு மொட்டைக்கூடக் காணோம். என்ன உரம் போடலாம்?”

வருடா வருடம் இந்தச் சமயத்தில் வந்துவிடும் கேள்வி இது. நான் திருப்பி ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன்: செடியைக் கடைசியாக எப்போது வெட்டினீர்கள்? ‘ஆயுத பூஜைக்கு முன்னால்’ அல்லது ‘தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

பூ போனது அங்கேதான்.

டிசம்பர் செடி பூப்பது புதுக் கிளைகளின் நுனியிலும், நுனியை ஒட்டிய இலைக் கணுக்களிலும். ஆடி முதல் அது தழைத்து வளர்வதே அந்த நுனிகளைத் தயார் செய்யத்தான். ‘காடு மாதிரி மண்டிக் கிடக்கிறதே’ என்று ஐப்பசியில் கத்தரியை எடுத்தால், விழுவது வெறும் தழை இல்லை, அந்தப் பருவத்துப் பூ மொத்தமும். மறுபடி துளிர்த்து நுனி முற்றுவதற்குள் பனிக்காலம் பாதிக்கு மேல் போய்விடும்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். பாட்டி வீட்டுச் செடியிலிருந்து குச்சி ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்து அம்மா வைத்த செடி அது. ஒரு தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று முட்டியளவுக்கு வெட்டித் தள்ளினேன். அந்த மார்கழி முழுக்க அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் கொல்லைக் கதவைத் திறந்து செடியைப் பார்ப்பார். பிறகு வாசலுக்குப் போய்ப் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொள்வார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சரி, எப்போது வெட்டுவது? மாசியில் பூ ஓய்ந்ததும், பங்குனிக்குள். தரையிலிருந்து ஓர் அடி விட்டு மற்றதைத் தயங்காமல் வெட்டுங்கள். மொட்டையாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். துளிர்த்து வரும் கிளைகளின் கொழுந்தை வைகாசியிலும் ஆனியிலும் ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். கிளை எத்தனையோ, பூக்கொத்தும் அத்தனை. ஆவணி பிறந்துவிட்டால் கத்தரியைப் பரணில் போட்டுவிடுங்கள்.

உரம் விஷயத்தில் இந்தச் செடி ஏழை வீட்டுப் பிள்ளை. மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ மக்கிய சாணமோ போதும். யூரியா போட்டால் இலைதான் பளபளக்கும். தொட்டியில் வைப்பவர்கள் 12 அங்குலத் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 4 மணி நேரமாவது வெயில் படட்டும். அடைமழை நாட்களில் தொட்டித் துளை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் வேறு தொந்தரவு தராது. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

இதன் சொந்தக்காரர்களைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். கனகாம்பரம், ஆடாதோடை, நிலவேம்பு எல்லாம் ஒரே குடும்பம். 12 ஆண்டுக்கு ஒருமுறை மலையையே நீலமாக்கும் நீலக்குறிஞ்சியும் அந்தக் குடும்பம்தான். தாவரவியல் பெயர் பார்லேரியா கிரிஸ்டேட்டா. 1753-ல் லின்னேயஸ் வைத்தது. ஆங்கிலத்தில் ‘பிலிப்பைன் வயலட்’ என்கிறார்கள். அதற்குப் பூர்வீகம் நம் பக்கத்து ஆசிய நாடுகள்தான், வயலட் குடும்பமும் கிடையாது. நாம் வைத்த பெயர் எவ்வளவோ மேல், மாதத்தையாவது சரியாகச் சொல்கிறது!

பூக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பறிக்கும்போது கொத்தோடு கிள்ளாதீர்கள். பூவின் குழலை மட்டும் மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். முள் மாதிரி விளிம்புள்ள புல்லிவட்டம் செடியிலேயே நிற்கும். அதே கொத்தில் அடுத்தடுத்து மொட்டு விரிந்துகொண்டே இருக்கும். நீளமான குழல் என்பதால் தொடுக்கச் சுலபம். வாசனை கிடையாது, வெயில் ஏற ஏற வாடியும் போகும். அதனால் காலையிலேயே பறித்துத் தொடுத்து, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். ஊதாவும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கட்டி, நடுவே கனகாம்பரம் வைத்த சரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னலில் எப்படி இருக்கும் என்று 40 வயது தாண்டியவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

இந்த வருடம் பூக்காதவர்கள் செடியை இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். அக்கம்பக்கத்தில் வெள்ளையோ, ரோஸோ, வெள்ளையில் ஊதாக் கோடு போட்டதோ பூத்திருந்தால் இப்போதே பார்த்துச் சொல்லிவையுங்கள். பங்குனியில் அவர்கள் வெட்டும்போது பென்சில் கனத்தில் அரையடிக் குச்சியாக நாலைந்து வாங்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் ஒரு மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். ஊருக்குப் போகிறவர்கள் பாட்டி வீட்டுக் கொல்லையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். எடுத்துவர ஓர் ஈரத்துணி போதும்.